ஓபராவை மூட 33 ஓட்டு... வேண்டாம் என்று ஒரே ஒரு ஓட்டு! - கமிட்டி ரூமுக்குள் நடக்கும் கதை

மார்கழியில் சபாவுக்குப் போனால் கையில் ஒரு மலர் கொடுப்பார்கள். நகைக்கடை விளம்பரத்துக்கும் பட்டுப்புடவை விளம்பரத்துக்கும் நடுவில் ஒரு பக்கம் இருக்கும். தலைவர், துணைத் தலைவர்கள், கௌரவச் செயலாளர்கள், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் என்று வரிசையாகப் பெயர்கள். அந்தப் பக்கத்தை யாராவது படித்துப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அதை மடித்து விசிறிக்கொள்வோம். இல்லையென்றால் கேன்டீனில் போண்டா எண்ணெய் துடைப்போம்.

நான் படிப்பேன். காரணம், என் தாத்தாவின் பெயர் அப்படியொரு பக்கத்தில் 11 வருடங்கள் இருந்தது. பொருளாளர். டெல்டாவில் ஒரு சின்ன ஊர், அதில் ஒரு சின்ன சபா. மாதம் ஒரு கச்சேரி அல்லது நாடகம். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், மடக்கு நாற்காலிகள், மெட்ராஸிலிருந்து வரும் நாடகக் குழுவுக்கு எங்கள் வீட்டில்தான் ராத்திரிச் சாப்பாடு. நான் பிறப்பதற்கு முன்பே அந்த சபா போய்விட்டது. யார் மூடினார்கள் என்று தாத்தாவிடம் கேட்டேன். “யாரும் மூடலைம்மா. தானா நின்னு போச்சு” என்றார்.

ஒரு சபா எப்படித் தானாக நிற்கும்? சைக்கிளா என்ன, மிதிக்காவிட்டால் நிற்பதற்கு? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தேடியதில், கடல் தாண்டி அமெரிக்காவின் சான் டியாகோ நகரத்தில் போய் நின்றேன். அங்கே ஒரு கலை நிறுவனத்தை அதன் கமிட்டியே ஓட்டுப் போட்டு மூடியது. பிறகு அதே கமிட்டி தன் முடிவைத் தானே திருப்பியும் எடுத்தது. இரண்டுக்கும் நடுவில் சரியாக இரண்டே மாதங்கள்!

மார்ச் 19, 2014

கலிஃபோர்னியா மாநிலத்தின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டி இருக்கிறது சான் டியாகோ. கப்பற்படைத் தளம், கடற்கரை, உயிரியல் பூங்கா ஆகியவற்றுக்குப் பேர்போன ஊர். அங்கே 1965 முதல் சொந்தமாக ஓபரா நடத்திவந்த நிறுவனம் சான் டியாகோ ஓபரா.

ஓபராவை ‘இசை நாடகம்’ என்று சொல்லிவிடலாம். மைக் இல்லாமல் பாடும் பாடகர்கள், கோரஸ், மேடைக்கு முன்னால் பள்ளத்தில் முழு ஆர்க்கெஸ்ட்ரா, செட், உடை என எல்லாம் சேர்ந்த பிரமாண்டம். நம் ஊர் பழைய நாடகக் கம்பெனிகளின் ஸ்பெஷல் நாடகத்தை நூறு மடங்கு பெரிதாக்கினால் எப்படி இருக்கும்? அதுதான். செலவும் நூறு மடங்கு.

அந்த நிறுவனத்துக்குக் கடன் இல்லை. 28 வருடங்களாக வரவும் செலவும் சரிக்குச் சரியாகத்தான் கணக்கு முடிந்தது. ஆண்டு பட்ஜெட் சுமார் 1.5 கோடி டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 90 கோடி ரூபாய். பொது இயக்குநராக இருந்த இயன் கேம்பெல் 1983-லிருந்து அதே நாற்காலியில் இருந்தவர். 31 வருடங்கள்!

2014 மார்ச் 19 அன்று அதன் இயக்குநர் குழு (அங்கே போர்டு என்பார்கள், நாம் கமிட்டி என்போம்) கூடியது. டிக்கெட் விற்பனை குறைகிறது, பெரிய நன்கொடையாளர்களுக்கு வயதாகிவிட்டது, அடுத்த சீசனுக்குப் பணம் போதாது என்று எடுத்துச் சொல்லப்பட்டது. இருக்கும் பணத்தில் எல்லோருக்கும் பாக்கியைக் கொடுத்துவிட்டு, கடனாளி ஆகாமல் கௌரவமாக மூடிவிடலாம் என்பது யோசனை. ஓட்டெடுப்பு நடந்தது. மூடலாம் 33. வேண்டாம் 1.

சீசனின் கடைசி ஓபரா ஏப்ரலில். பிரெஞ்சு இசையமைப்பாளர் மாசனே எழுதிய ‘டான் கிஹோட்டே’. காற்றாலைகளை அரக்கர்கள் என்று நினைத்துச் சண்டைக்குப் போகும் கிழட்டு வீரனின் கதை. அதோடு கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

யாரைக் கேட்டு மூடினீர்கள்?

செய்தி வெளியானதும் ஊர் கொந்தளித்தது. கோரஸ் பாடகர்கள், ஆர்க்கெஸ்ட்ரா கலைஞர்கள், செட் போடும் தொழிலாளர்கள், சீசன் டிக்கெட் வாங்கிப் பழகிய பாட்டிமார்கள் என எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கடனே இல்லாத கம்பெனியை ஏன் மூட வேண்டும்? மூடக் கூடாது என்ற இணைய மனுவில் 20,000-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்த ஆச்சர்யம், ஓட்டுப் போட்ட உறுப்பினர்களில் சிலரே “எங்களுக்கு முழு விவரம் கொடுக்கப்படவில்லை. மூடுவதைத் தவிர வேறு வழியே இல்லை என்பதுபோல் சொன்னார்கள்” என்று புகார் சொல்லத் தொடங்கியதுதான். எனக்கு இந்தக் கதையில் இந்த இடம்தான் உறுத்துகிறது. 33 பேர் படித்தவர்கள், வசதியானவர்கள், சொந்தத் தொழிலில் ஒரு ரூபாய்க்குக்கூடக் கணக்குக் கேட்பவர்களாக இருந்திருப்பார்கள். அவர்களே ஒரு கமிட்டி அறைக்குள் போனதும் ‘தலைவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நம் அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். கூட்டம் சீக்கிரம் முடிந்தால் சரி என்று நாம் தலையாட்டுவது இல்லையா?

பிறகு சம்பளக் கணக்கு வெளியே வந்தது. அமெரிக்காவில் லாப நோக்கமற்ற நிறுவனங்கள் வருமான வரித் துறைக்கு ஆண்டுதோறும் ஒரு படிவம் தாக்கல் செய்ய வேண்டும். ‘ஃபார்ம் 990’ என்று பெயர். யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். மேல்மட்ட ஊழியர்களின் சம்பளம் அதில் இருக்கும். பொது இயக்குநரின் ஆண்டு ஊதியம் சில ஆண்டுகளில் சுமார் 5 லட்சம் டாலர் என்பதும், அவரின் முன்னாள் மனைவியும் அதே நிறுவனத்தில் மேல்மட்டப் பொறுப்பில் இருந்தார் என்பதும் அந்தப் படிவங்களிலும் செய்திகளிலும் பேசுபொருள் ஆயின. இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. சம்பளத்துக்கு ஒப்புதல் கொடுத்ததும் அதே போர்டுதான். ஆனால் ‘அடுத்த சீசனுக்குப் பணம் இல்லை’ என்று சொன்ன மறுவாரம் இந்த எண்களைப் படித்த ஊர் மக்கள் எப்படி இருந்திருப்பார்கள்!

போர்டு உறுப்பினர்களில் ஒருவர் கேரல் லேசியர். மூடக் கூடாது என்று 10 லட்சம் டாலரைத் தன் பணத்திலிருந்து தருவதாக அறிவித்தார். அன்றைய மதிப்பில் சுமார் 6 கோடி ரூபாய். மூடும் தேதியைத் தள்ளிப்போட்டார்கள். ஏப்ரல் 17 அன்று மறுபடி போர்டு கூடியது. அது ரகளையான கூட்டம். தலைவர் வெளியேறினார். அவரோடு ஏறக்குறைய ஒரு டஜன் பேர் விலகினார்கள். லேசியர் தற்காலிகத் தலைவர் ஆனார். சில நாள்களில் பொது இயக்குநரும் விடுப்பில் அனுப்பப்பட்டார்.

அடுத்து, பொதுமக்களிடம் உண்டியல் குலுக்கினார்கள். இணையம் வழியே நடந்த நிதி திரட்டலில் 20 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதற்கு முன் அந்த நிறுவனத்துக்கு ஒரு பைசா கொடுத்திராதவர்கள். ‘நன்கொடையாளர்களே இல்லை’ என்று சொல்லப்பட்ட ஊரில், இத்தனை பேரிடம் யாரும் இதுவரை கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மே 19, 2014. மூடும் தீர்மானத்தை போர்டு ரத்து செய்தது. அடுத்த சீசனின் பட்ஜெட்டை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெட்டினார்கள். 2015 ஜனவரியில் ‘லா போயெம்’ மேடையேறியது. 1965-ல் அந்த நிறுவனம் முதன்முதலில் அரங்கேற்றியதும் அதே ஓபராதான். அந்த சீசனில் மெக்சிகோவின் மரியாச்சி இசையில் அமைந்த ஓபரா ஒன்றையும் போட்டார்கள். எல்லையோர ஊரில், ஓபரா பக்கம் எட்டிப் பார்க்காத குடும்பங்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள்.

வயலின் வாசிப்பதை வேகப்படுத்த முடியுமா?

‘டிக்கெட் விற்று நடத்த வேண்டியதுதானே, எதற்குக் கமிட்டி, நன்கொடை எல்லாம்?’ என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. இதற்கு வில்லியம் பாமல், வில்லியம் போவென் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார நிபுணர்கள் 1966-லேயே ஒரு விளக்கம் சொல்லியிருக்கிறார்கள்.

விஷயம் ரொம்ப எளிமை. நூறு வருடங்களுக்கு முன் ஒரு சட்டை தைக்க ஆன நேரமும் ஆளும் இன்று ஆவதில்லை. மெஷின் வந்துவிட்டது. ஆனால் இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு அன்றும் ஒரு பாடகர், ஒரு வயலின், ஒரு மிருதங்கம் தேவை. இன்றும் அதே மூன்று பேர், அதே இரண்டரை மணி நேரம். வயலின்காரரை ‘கொஞ்சம் வேகமாக வாசித்து ஒரு மணி நேரத்தில் முடியுங்கள், அடுத்த பேட்ச் காத்திருக்கிறது’ என்று சொல்ல முடியாது. ஆனால் மற்ற தொழில்களில் சம்பளம் ஏறும்போது கலைஞருக்கும் ஏற வேண்டும். இல்லையென்றால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆக, மேடைக்கலையின் செலவு ஏறிக்கொண்டேதான் இருக்கும். அதே வேகத்தில் டிக்கெட் விலையை ஏற்றினால் கூட்டம் வராது. பல ஓபரா நிறுவனங்களில் டிக்கெட் வருமானம் செலவில் பாதியைக்கூட எட்டுவதில்லை.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் போர்டு. முன்பு அரசர்களும் ஜமீன்தார்களும் செய்த வேலை. அமெரிக்காவில் போர்டு உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. மாறாக, அவர்கள்தான் ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுக்க வேண்டும், அல்லது நண்பர்களிடம் திரட்டித் தர வேண்டும் என்பது பல நிறுவனங்களில் எழுதப்படாத விதி. சில இடங்களில் எழுதப்பட்ட விதியே. 

பணம் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. பொது இயக்குநரை நியமிப்பது, சரியில்லை என்றால் அனுப்புவது, பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவது, கணக்கைத் தணிக்கை செய்ய வைப்பது இவர்கள் பொறுப்பு. அமெரிக்கச் சட்டம் இவர்களிடம் மூன்று விஷயங்களை எதிர்பார்க்கிறது. விவரம் தெரிந்துகொண்டு பொறுப்போடு முடிவெடுக்க வேண்டும். சொந்த லாபத்தைவிட நிறுவனத்தின் நலனை முன்னால் வைக்க வேண்டும். நிறுவனம் எதற்காகத் தொடங்கப்பட்டதோ அந்த நோக்கத்தை மீறக் கூடாது.

யார் பாட வேண்டும், என்ன ராகம், எந்த நாடகம் என்பதில் போர்டு மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அங்கே பொதுவான மரபு. அது கலை இயக்குநரின் வேலை. ஆனால் செக் எழுதுபவர் ‘என் மனைவிக்குப் பிடித்த ஓபராவைப் போடுங்களேன்’ என்று சொன்னால் இயக்குநர் என்ன செய்வார் என்பது வேறு கதை!

உண்டியல் எப்போதும் காப்பாற்றாது

சான் டியாகோ கதையைக் கேட்டு ‘மக்கள் நினைத்தால் எதையும் காப்பாற்றலாம்’ என்று புல்லரித்துவிட வேண்டாம். அதற்கு ஆறு மாதம் முன்புதான் நியூயார்க்கில் இன்னொரு நிறுவனம் மூடப்பட்டது.

நியூயார்க் சிட்டி ஓபரா 1943-ல் தொடங்கப்பட்டது. சாமானியர்களும் வாங்கக்கூடிய விலையில் டிக்கெட் என்பது அதன் அடையாளம். ‘மக்களின் ஓபரா’ என்றே அன்றைய மேயர் லா கார்டியா அதை அழைத்தார். இந்த நிறுவனமும் 2013 செப்டம்பரில் இணையத்தில் உண்டியல் வைத்தது. கேட்டது 10 லட்சம் டாலர். வந்தது சுமார் 3 லட்சம். அக்டோபரில் திவால் மனு போட்டார்கள்.

அங்கே தவறு பல வருடங்கள் முன்பே நடந்துவிட்டது. 2008 வாக்கில் கையிருப்பு நிதியிலிருந்து 2.4 கோடி டாலரை, நீதிமன்ற அனுமதியோடு கடனாக எடுத்தார்கள். இந்தக் கையிருப்பு நிதி கிட்டத்தட்ட நம் கோயில் கட்டளை மாதிரி. அசலைத் தொடாமல் வட்டியில் விளக்கேற்ற வேண்டும். எண்ணெய் வாங்க அசலையே உடைத்தால் எத்தனை நாள் விளக்கு எரியும்? அதோடு, புதிதாக வருவதாக இருந்த கலை இயக்குநர் பட்ஜெட் பற்றாக்குறையால் வராமலே விலகினார். ஒரு சீசன் முழுக்கச் சொந்த அரங்கில் நிகழ்ச்சிகளே நடக்கவில்லை. ரசிகர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள். இதெல்லாம் போர்டின் ஒப்புதலோடு நடந்தவை.

சான் டியாகோவில் மக்கள் வந்து நின்றபோது பெட்டியில் கொஞ்சம் பணம் மிச்சம் இருந்தது, கடன் இல்லை. நியூயார்க்கில் உண்டியலைக் குலுக்கியபோது பெட்டி காலி.

நியூயார்க் என்றதும் ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. அந்த ஊரில் 19-ம் நூற்றாண்டில் அகாடமி ஆஃப் மியூசிக் என்று ஓர் அரங்கம் இருந்தது. அதில் ‘பாக்ஸ்’ இருக்கைகள் எல்லாம் பழைய பணக்காரக் குடும்பங்கள் வசம். ரயில்வே மூலம் புதிதாகப் பணக்காரர் ஆன வாண்டர்பில்ட் குடும்பத்தாருக்கும் அவர்களைப் போன்றவர்களுக்கும் அங்கே இடம் கிடைக்கவில்லை. கோபத்தில் என்ன செய்தார்கள்? தாங்களே ஒரு புது ஓபரா அரங்கம் கட்டிவிட்டார்கள். 1883-ல் திறக்கப்பட்ட அதுதான் இன்று உலகப் புகழ்பெற்ற மெட்ரோபாலிடன் ஓபரா. மூன்றே வருடங்களில் பழைய அகாடமி ஓபராவை நிறுத்திவிட்டது. முன்வரிசை சோஃபா கிடைக்கவில்லை என்று தனி சபாவே ஆரம்பித்த கதை!

நம் ஊர் கமிட்டிகள்

இதைப் படித்ததும் உங்களுக்கு ஏதோ பழக்கப்பட்ட வாசனை வந்திருக்கும். கமிட்டியோடு ஒத்துப்போகவில்லை என்றால் இன்னொரு சபா ஆரம்பிப்பது நமக்கும் கைவந்த கலைதான். ஆனால் எல்லாமே சோஃபா சண்டை இல்லை.

1927-ல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928-ல் பிறந்தது மியூசிக் அகாடமி. முதல் தலைவர் ஒரு டாக்டர், யு.ராமா ராவ். கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் இல்லையே என்ற ஆதங்கம் 1940-களில் தமிழிசை இயக்கமாக எழுந்தது. ராஜா அண்ணாமலைச் செட்டியார் முன்னின்றார், கல்கி எழுதிக் குவித்தார். மேடையில் எந்த மொழியில் பாடுவது என்பதை யார் தீர்மானிப்பது என்பதே அந்தச் சண்டையின் மையம். 1943-ல் தமிழ் இசைச் சங்கம் உருவானது. இன்று இரண்டும் இருக்கின்றன.

அமெரிக்க மரபுக்கும் நம் மரபுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. நம் பெரும்பாலான சபாக்களில் கலை இயக்குநர் என்று தனியாக யாரும் கிடையாது. செயலாளர்தான் எல்லாம். ஸ்பான்சர் பிடிப்பதும் அவர், யாருக்கு மாலை ஆறரை மணி ஸ்லாட், யாருக்கு மதியம் ஸ்லாட் என்று தீர்மானிப்பதும் அவரும் அவரின் கமிட்டியும்தான். ஓர் இளம் பாடகிக்கு மதியக் கச்சேரியிலிருந்து மாலைக் கச்சேரிக்குப் போவது எத்தனை பெரிய தாண்டல் என்று கேட்டுப்பாருங்கள். அந்தத் தாண்டலின் சாவி மலரில் நாம் படிக்காமல் விடும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் சங்கங்களாகப் பதிவு செய்தவற்றுக்கு 1975-ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் பொருந்தும். மூன்று பேருக்குக் குறையாத நிர்வாகக் குழு வேண்டும். ஒரு குழுவின் பதவிக்காலம் மூன்று வருடங்களைத் தாண்டக் கூடாது. வருடா வருடம் பொதுக்குழு கூட்டி வரவு செலவு வைக்க வேண்டும், பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பைலாவில் தடை இல்லாவிட்டால் அதே ஆள்கள் திரும்பத் திரும்பத் தேர்வாகலாம் என்பதால், சில சபாக்களில் முப்பது வருடச் செயலாளர்களையும் பார்க்கலாம். பலர் சொந்தக் காசைப் போட்டு, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு நடத்தியவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் முப்பது வருடங்களில் ஒருவர்கூடப் போட்டி போடவில்லை என்றால் அது விசுவாசமா, அலுப்பா என்று உறுப்பினர்கள்தான் சொல்ல வேண்டும்.

கமிட்டி என்பது டிக்கெட், ஸ்பான்சர் விவகாரம் மட்டும் இல்லை என்பதை 2018 புரியவைத்தது. ‘மீ டூ’ இயக்கம் கர்நாடக இசை உலகத்தையும் தொட்டபோது, அந்த டிசம்பர் சீசனிலிருந்து ஏழு கலைஞர்களின் நிகழ்ச்சிகளை மியூசிக் அகாடமி நீக்கியது. நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை காத்திருப்பதா, புகார் வந்தவுடன் மேடையை மறுப்பதா என்று வாதங்கள் இரண்டு பக்கமும் நடந்தன. எது சரி என்று நீங்கள் நினைத்தாலும், முடிவெடுக்க வேண்டிய இடம் கமிட்டி அறைதான்.

2023-ல் கலாக்ஷேத்ரா. 1936-ல் ருக்மிணி தேவி தொடங்கிய நிறுவனம். அவர் மறைவுக்குப் பிறகு, 1993-ம் ஆண்டு சட்டம் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக ஆனது. அதன் நிர்வாகக் குழுவை அமைப்பது மத்திய அரசு. அங்கே பாலியல் தொந்தரவுப் புகார்கள் எழுந்தபோது, ஆதாரம் இல்லை என்ற நிலையை நிர்வாகம் முதலில் எடுத்தது. மாணவிகளும் மாணவர்களும் வளாகத்திலேயே உட்கார்ந்து போராடினார்கள். மாநில மகளிர் ஆணையம் வந்தது, உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார். அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் மூவர் குழுவை நிர்வாகக் குழு அமைத்தது. நாடாளுமன்றச் சட்டம், நிர்வாகக் குழு, உள் புகார்க் குழு என எல்லா ஏற்பாடும் காகிதத்தில் இருந்த இடம் அது. அப்படியிருந்தும் பிள்ளைகள் வெயிலில் தரையில் உட்கார வேண்டியிருந்தது.

அடுத்த வருடமே சங்கீத கலாநிதி விருது சர்ச்சை. 2024-க்கு டி.எம்.கிருஷ்ணாவை மியூசிக் அகாடமியின் செயற்குழு தேர்ந்தெடுத்தது. எதிர்ப்புத் தெரிவித்து சில கலைஞர்கள் அந்த சீசனில் பாட மாட்டோம் என்று விலகினார்கள். எம்.எஸ்.சுப்புலட்சுமி பெயரில் தரப்படும் விருது தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. யார் பக்கம் நியாயம் என்று வீட்டுக்கு வீடு பட்டிமன்றம் நடந்தது நினைவிருக்கும். ஆனால் அந்த செயற்குழுவில் இருப்பது யார் யார், அவர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று அந்தப் பட்டிமன்றத்தில் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

தாத்தாவின் டிரங்குப் பெட்டி

இந்தக் கட்டுரைக்காக ஊருக்குப் போனபோது சான் டியாகோ கதையைத் தாத்தாவுக்குச் சொன்னேன். அவருக்கு 84 வயது. காது கொஞ்சம் மந்தம். 33-க்கு 1 என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அந்த ஒருத்தர் யாரு?”

“பேர் தெரியலை தாத்தா.”

“ஓட்டாவது எடுத்தாங்களே” என்றார். பிறகு பரண் மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார்.

பெட்டிக்குள் பழைய ரசீது கட்டுகள், ஒரு ரப்பர் ஸ்டாம்ப், நாற்காலி வாடகைக் கணக்கு, நீல அட்டை போட்ட மினிட்ஸ் புத்தகம். தாத்தாவின் கையெழுத்து மணி மணியாக இருந்தது. வருகை: 41 பேர். வருகை: 38 பேர். சந்தா இரண்டு ரூபாய் உயர்த்தத் தீர்மானம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர். ஒரு கூட்டத்தில், வந்த நாடகக் குழுவுக்குப் பேசிய தொகையில் பாதியைத்தான் கொடுக்க முடிந்தது என்றும், மீதியைப் பொருளாளர் தன் பொறுப்பில் அனுப்பிவைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

“மீதி யார் பணம் தாத்தா?”

“உன் பாட்டிகிட்ட கேட்காதே” என்றார்.

பக்கங்கள் போகப் போக எண்கள் இறங்கின. 22 பேர். 15 பேர். செயலாளர் மகனோடு பம்பாய் போய்விட்டார், அவர் இடத்துக்குப் பெயர் கொடுக்க யாரும் முன்வரவில்லை. வீட்டுக்கு வீடு டி.வி வந்ததும் கூட்டம் குறைந்தது என்றுதான் தாத்தா எப்போதும் சொல்வார். புத்தகத்தில் டி.வி பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டு வருடங்கள் பொதுக்குழு கூட்டவே இல்லை என்பதுதான் தேதிகளைப் பார்த்தால் தெரிந்தது.

“ஏன் தாத்தா கூட்டலை?”

“கூட்டினா கணக்குல துண்டு விழறது தெரிஞ்சுடும்னு தலைவர் சொன்னார். அடுத்த சீசன்ல சரிபண்ணிடலாம்னு நானும் பேசாம இருந்துட்டேன்மா.” கொஞ்ச நேரம் ரப்பர் ஸ்டாம்ப்பை உருட்டிக்கொண்டிருந்தார். “வெளில சொல்லியிருந்தா ஆளுக்குப் பத்து ரூபா கொடுத்திருப்பாங்க. நம்ம ஊர்க்காரங்க கொடுத்திருப்பாங்க.”

கடைசிப் பதிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக் கூட்டம். வருகை: 6 பேர். கோரம் இல்லாததால் கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதி, கீழே தாத்தா கையெழுத்துப் போட்டிருந்தார். அடுத்த பக்கத்தில் மார்ஜின் மட்டும் கோடு போட்டு வைத்திருந்தார்.